கரை சேராத கோப்புகள்

மட்டக்களப்பு வாவிக்கு இரு கரைகள் உண்டு. ஞாயிறு எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், அது மறையும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் அழகாகப் பெயரிட்டனர். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள இந்த வாவியின் மேற்கே விளையும் நெல் கிழக்கே வரவேண்டும். கிழக்கே கிடைக்கும் துணியும் மருந்தும் மேற்கே போகவேண்டும். இடையில் இருப்பதோ தண்ணீர். 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரையில், அத்துறையில் மக்களும் வாகனங்களும் படகுப் பாதையில் ஏறியே அக்கரை சேர்ந்தனர். பாதை தாங்கக்கூடிய பாரம் இவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டு. அக்கணக்கை மீறிய லொறி எத்துணை அவசரமான சரக்கை ஏற்றி வந்திருந்தாலும் இக்கரையில் நிற்கவேண்டியதுதான். சரக்கிலே குறையில்லை, அக்கரைச் சந்தையிலும் குறையில்லை. இடையேயுள்ள ஏற்பாடு அதனை ஏற்கவில்லை; அவ்வளவே!

இதே சங்கடம் இன்று நம் வீடுகளுக்குள்ளும் புகுந்திருக்கிறது. கைத்தொலைபேசி ஒரு கரை. கணினி மறு கரை. தொலைபேசியிலே தெளிவாக ஓடிய வீடியோ கணினிக்கு வர மறுக்கிறது. மெமரிக்காட்டில் பாதியிடம் வெறுமையாய்க் கிடக்க, "இடம் போதாது" என்ற பொருளில் இயந்திரம் ஏதோ சொல்கிறது. ஒரு கணினியில் திறந்த பென்ட்ரைவை மற்றொரு கணினி அடையாளம் காணாமல், "இதனைப் போர்மட் செய்யட்டுமா?" என்று கேட்கிறது. கேட்ட மாத்திரத்திலே "ஆம்" என்று விரலை அழுத்திவிட்டு, பிறகு தலையில் கைவைப்போர் நம்மிடையே அநேகர்.

இது இயந்திரம் அறிந்தோர் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. தாத்தாவின் பாட்டு, பாட்டியின் முகம், ஊர்க் கூத்தின் இறுதிக் காட்சி ஆகிய எல்லாம் இப்போது அந்தச் சின்னஞ்சிறு அட்டைக்குள்ளேதான் இருக்கின்றன. ஆகவே, கோப்புகள் ஏன் கரை சேர்வதில்லை என்பதையும், அவற்றைக் கரை சேர்க்கும் வகையையும் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

களஞ்சியமும் பேரேடும்

ஒரு பெரிய நெற்களஞ்சியத்தை மனத்திலே கற்பனை செய்துகொள்வோம். உள்ளே ஆயிரக்கணக்கான சிறு அறைகள். ஒவ்வொரு அறைக்கும் ஓர் எண். யாருடைய நெல் எந்தெந்த அறைகளில், எத்தனை மூடை இருக்கிறது என்பதெல்லாம் வாயிலிலுள்ள ஒரு பேரேட்டில் எழுதப்பட்டிருக்கும். பேரேடு இருந்தால் களஞ்சியம் பயன்படும். பேரேடு தொலைந்தால், அல்லது அது நமக்குத் தெரியாத எழுத்தில் எழுதப்பட்டிருந்தால், உள்ளே நெல் நிறைந்திருந்தும் பயன் இல்லை.

மெமரிக்காட், பென்ட்ரைவ், கணினித் தட்டு, தொலைபேசியின் உள்நினைவகம் ஆகிய யாவும் இத்தகைய களஞ்சியங்களே. நம் புகைப்படமும் பாட்டும் சிறு சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டு அறைகளிலே வைக்கப்படுகின்றன. எந்தக் கோப்பு எந்த அறையில் தொடங்கி எந்த அறையில் முடிகிறது, அதன் பெயர் யாது, அளவு யாது, எழுதிய நேரம் யாது என்பவற்றைப் பேரேடு சொல்லுகிறது. அந்தப் பேரேட்டை எழுதும் முறைக்குத்தான் கோப்பு முறைமை என்று பெயர்.

காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்த விபுலானந்த அடிகளார், விஞ்ஞானம் தமிழிலே நடமாட வேண்டுமாயின் முதலில் அதற்குரிய சொற்கள் வேண்டும் என்று கருதி, கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்று உழைத்தவர். அன்று அவர் வகுத்த பாதையிலே பிறந்த புதுச் சொற்களுள் ஒன்றாகக் "கோப்பு முறைமை" என்பதையும் நாம் தயக்கமின்றி ஏற்றுக்கொள்ளலாம். பொருளும் எளிது: கோப்புகளை ஒழுங்காக வைக்கும் முறை.

இடர்ப்பாடு யாதெனில், இந்தப் பேரேடு உலகம் முழுவதும் ஒரே விதமாக எழுதப்படுவதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு முறையை வகுத்தது. ஒருவர் எழுதிய பேரேட்டை மற்றவர் வாசிக்க முடியாத இடத்திலேதான் நம் கோப்பு நடுத்துறையில் நின்றுவிடுகிறது.

பழைய ஏடும் புதிய ஏடும்

இஃது இன்று தோன்றிய பிரச்சினையன்று. மட்டக்களப்பு வாவியின் "பாடும் மீன்" ஓசையை லாங் அடிகளாரின் துணையோடு 1960களில் இலங்கை வானொலி ஒலிபரப்பியது. அக்காலத்து ஒலிநாடாவுக்கும் இத்தகைய பொருத்தம் தேவைப்பட்டது. நொடிக்கு மூன்றே முக்கால் அங்குல வேகத்தில் பதிந்த நாடாவை ஏழரை அங்குல வேகத்தில் ஓடும் பொறியிலே இட்டால், பெரியவரின் குரலும் குழந்தையின் கீச்சுக்குரலாகிவிடும். நாடாவில் பழுதில்லை; பொறியிலும் பழுதில்லை. இரண்டும் ஒத்துப்போகவில்லை. கோப்பு முறைமையின் கதையும் இதுவே.

இப்போது வழக்கிலுள்ள முறைமைகளுள் மூத்தது ஃபாட் என்பது. "கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணை" என்பது அதன் பெயருக்குப் பொருள். 1977ஆம் ஆண்டளவில், மெல்லிய நெகிழ்தட்டுகளுக்காக மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தில் இது உருவாயிற்று. எளிமையானது, ஆகவே எல்லா இயந்திரங்களும் இதனைக் கற்றுக்கொண்டன. 1996ஆம் ஆண்டிலே இதன் விரிந்த வடிவமான ஃபாட்-32 வந்தது. இன்றைக்கும் விற்பனைக்கு வரும் பல பென்ட்ரைவ்களிலே இருப்பது இதுவே. தொலைக்காட்சிப் பெட்டியும் வாகன வானொலியும் கூட இதனை வாசிக்கும்.

விண்டோஸ் கணினியின் உள்தட்டில் உள்ளது என்.ரி.எஃப்.எஸ். என்னும் முறைமை. அது 1993ஆம் ஆண்டு வந்தது. அப்பிள் நிறுவனம் 2017ஆம் ஆண்டு முதல் தன் ஐபோன்களிலும் மக் கணினிகளிலும் ஏ.பி.எஃப்.எஸ். என்னும் தனி முறைமையைக் கையாள்கிறது. அண்ட்ரொய்ட் தொலைபேசிகளின் உள்நினைவகத்திலே எக்ஸ்ட்-4 அல்லது எஃப்-2-எஃப்.எஸ். என்பவை வழங்குகின்றன. இவற்றுள் ஒவ்வொன்றும் தத்தம் வீட்டிலே கெட்டிக்காரப் பிள்ளை. அயல் வீட்டுக்குப் போனாலோ பேச்சு வராது. மக் கணினி என்.ரி.எஃப்.எஸ். தட்டை வாசிக்கும், ஆயினும் மேலதிக மென்பொருள் இன்றி அதிலே எழுதாது. விண்டோஸ் கணினிக்கோ அப்பிளின் தட்டும் எக்ஸ்ட்-4 தட்டும் இயல்பாகப் புரிவதில்லை.

இந்த வேற்றுமைகளுக்கு இடையே பொதுமொழியாக வந்ததுதான் எக்ஸ்-ஃபாட். மைக்ரோசொஃப்ட் 2006ஆம் ஆண்டு இதனை வெளியிட்டது. 2009ஆம் ஆண்டு வந்த பெரிய மெமரிக்காட்களுக்கு இதுவே விதியாயிற்று. 2019ஆம் ஆண்டிலே அந்நிறுவனம் இதன் இலக்கணத்தை வெளிப்படையாகப் பிரசுரித்தது. அதன் பின்னர் லினக்ஸ் இயந்திரங்களும் இதனைத் தம்முடையதாக ஏற்றன. விண்டோஸ், மக், ஐபோன், அண்மைக்கால அண்ட்ரொய்ட் தொலைபேசிகளுள் பெரும்பாலானவை ஆகிய எல்லாம் இன்று இதனை வாசிக்கவும் எழுதவும் வல்லன. வாங்கும்போது நினைவில் கொள்ள ஓர் எளிய குறிப்பு: 32 ஜிகாபைட் வரையுள்ள மெமரிக்காட் ஃபாட்-32 ஆகவும், 64 ஜிகாபைட்டும் அதற்கு மேலுமுள்ளது எக்ஸ்-ஃபாட் ஆகவும் கடைக்கு வருவது வழமை.

நான்கு ஜிகாபைட் என்னும் வேலி

படுவான்கரையிலே ஒரு கூத்து அரங்கேற்றம் என்று வைத்துக்கொள்வோம். அண்ணாவியார் சட்டம் கொடுத்து, மாதக் கணக்காகப் பழக்கி, சதங்கை அணிவித்து, இறுதியில் வட்டக்களரிக்குக் கொண்டுவந்த வடமோடிக் கூத்து. இரவு தொடங்கி விடியும்வரை எட்டு மணி நேரம் நடக்கிறது. அண்ணாவியாரின் பேரன் தொலைபேசியை ஒரு தாங்கியிலே பொருத்தி முழுவதையும் பதிகிறான். மறுநாள் அதனை 64 ஜிகாபைட் பென்ட்ரைவிலே இட முற்படுகிறான். இயந்திரம் மறுக்கிறது.

"என்ன மனே, ஆட்டமெல்லாம் அழிஞ்சு போச்சா?" என்று திகைக்கிறார் கிழவர்.

"இல்ல அம்மப்பா, அழியல்ல. பென்ட்ரைவிலயும் இடம் கிடக்கு. ஆனா ஏறுதில்ல."

ஏன் ஏறவில்லை? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபாட்-32 முறைமையில், ஒரு கோப்பின் அளவை எழுதுவதற்குப் பேரேட்டிலே விடப்பட்ட இடம் 32 பிட். அதிலே எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 4,294,967,295. ஆகவே எந்தத் தனிக் கோப்பும் அத்தனை பைட்டுக்கு மேற்படலாகாது. பொதுவாக இதனை நான்கு ஜிகாபைட் என்கிறோம். களஞ்சியம் எவ்வளவு பெரிதாயினும் இவ்வெல்லை மாறாது. அளவு எழுதும் கட்டம் சிறிது. அதற்கு மேற்பட்ட எண்ணை எழுத அங்கே இடமில்லை.

சாதாரணத் தொலைபேசி தெளிவான வீடியோவை நொடிக்கு ஏறக்குறைய 17 மெகாபிட் வீதம் பதிகிறது எனக் கொண்டால், 33 நிமிடத்திலேயே ஒரு கோப்பு அந்த வேலியைத் தொட்டுவிடும். எட்டு மணிநேரக் கூத்து ஏறத்தாழ 61 ஜிகாபைட். அது ஃபாட்-32இல் புகவேண்டுமாயின் 15 துண்டுகளாக்க வேண்டும். படம் வேண்டாம், ஒலி மட்டும் போதும் என்று சுருக்காத ஒலியாகப் பதிந்தாலும், நொடிக்கு 176,400 பைட் வீதம் ஆறே முக்கால் மணி நேரத்தில் எல்லை வந்துவிடும். அதாவது, விடியற்காலத்தில், கதை முடியும் கட்டத்திலே பதிவு நின்றுவிடலாம்!

பரிகாரம் எளிது. வெறுமையான பென்ட்ரைவை, அதாவது உள்ளே யாதொன்றும் இல்லாததை, எக்ஸ்-ஃபாட் முறையிலே போர்மட் செய்துகொண்டால் இந்த வேலி நீங்கும். நம் வீட்டுத் தேவைக்கு எக்ஸ்-ஃபாட்டின் எல்லை எட்டாத தூரத்தில் உள்ளது. நம்மிடமிருப்பது எந்த முறைமை என்பதை அறியவும் வழியுண்டு. விண்டோஸ் கணினியில் அந்தத் தட்டின் குறியீட்டின் மீது சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, "பிரொப்பர்ட்டீஸ்" என்னும் வரியைத் திறந்தால் முறைமையின் பெயர் அங்கே எழுதப்பட்டிருக்கும்.

எக்ஸ்-ஃபாட்டிலும் ஒரு குறை உண்டு. நல்ல கணக்கப்பிள்ளை முதலிலே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பிறகு பேரேட்டில் பதிவான். நடுவிலே விளக்கு அணைந்தாலும் குறிப்பேட்டைப் பார்த்துக் கணக்கைச் சரிசெய்யலாம். என்.ரி.எஃப்.எஸ்., எக்ஸ்ட்-4 ஆகியவை அவ்வாறு குறிப்பேடு வைத்திருப்பவை. ஃபாட்டுக்கும் எக்ஸ்-ஃபாட்டுக்கும் அது கிடையாது. எழுதிக்கொண்டிருக்கையிலே பென்ட்ரைவைப் பிடுங்கினால் பேரேடு பாதியில் நின்றுவிடும். ஆதலால், கழற்றுவதற்குரிய கட்டளையைக் கொடுத்து, இயந்திரம் அனுமதித்த பின்னரே அதனைக் கழற்றுதல் வேண்டும்.

கம்பிவழிப் பயணம்

தொலைபேசியைக் கம்பி மூலம் கணினியோடு இணைக்கும்போது நடப்பது வேறு விதம். முற்காலத்து அண்ட்ரொய்ட் தொலைபேசிகள் தம் நினைவகத்தையே முழுதாகக் கணினியின் கையில் ஒப்படைத்தன. கணினி வாசிக்கவேண்டுமே என்பதற்காக அந்நினைவகம் ஃபாட் முறையில் இருக்க நேர்ந்தது. கணினி அதனை வைத்திருக்கும் வேளையில் தொலைபேசி அதனைத் தொடவும் முடியாது. 2011ஆம் ஆண்டையொட்டி இவ்வழக்கம் மாறி, எம்.ரி.பி. என்னும் முறை பரவிற்று.

இதனைக் கூட்டுறவுக் கடையின் முகப்புக்கு ஒப்பிடலாம். வாங்க வந்தவர் களஞ்சியத்துக்குள் நுழைவதில்லை, பேரேட்டையும் பார்ப்பதில்லை. "இன்ன பொருள் தாருங்கள்" என்று கேட்க, உள்ளேயுள்ளவர் எடுத்துக் கொடுக்கிறார். அவ்வாறே கணினி கேட்க, தொலைபேசி கோப்பை எடுத்து நீட்டுகிறது. தொலைபேசியின் உள்ளே எந்த முறைமை இருந்தாலும் கணினிக்குக் கவலையில்லை. கூத்து வீடியோவைப் பென்ட்ரைவ் ஏற்காவிட்டாலும், கம்பி வழியாகக் கணினியின் என்.ரி.எஃப்.எஸ். தட்டுக்கு அது தாராளமாக வந்துசேரும்.

இங்கும் சில கவனங்கள் வேண்டும். இணைத்தவுடன் தொலைபேசி பெரும்பாலும் மின்னேற்றம் மட்டுமே செய்யும். திரையின் பூட்டைத் திறந்து, அறிவிப்பிலே "கோப்புப் பரிமாற்றம்" என்பதைத் தேர்ந்தால்தான் கதவு திறக்கும். கம்பியே மின்னேற்றத்துக்கு மட்டும் செய்யப்பட்டதாயின் எத்தனை முறை முயன்றாலும் பயனில்லை. பெரிய கோப்பு வரும்போது கம்பி அசைந்தால் பாதிக் கோப்பு மட்டும் வந்து நிற்கும். ஆகையால் "வெட்டி ஒட்டுதல்" கூடாது, "படியெடுத்தல்" வேண்டும். படி சரியாக வந்ததைக் கண்ட பின்னரே மூலத்தை நீக்குவது பற்றி எண்ணலாம்.

ஐபோன் சற்று வேறு இயல்புடையது. விண்டோஸ் கணினியோடு இணைத்தால், "இக்கணினியை நம்பலாமா?" என்று கேட்கும். நம்பினாலும் புகைப்படங்களையும் வீடியோக்களையும் மட்டுமே வெளியில் காட்டும். 2017ஆம் ஆண்டு முதல் அது படங்களை ஹெயிக் என்னும் சுருக்க வடிவிலே சேமிக்கிறது. பழைய கணினிகள் அதனைத் திறப்பதில்லை. இது பேரேட்டின் குறையன்று. மூடைக்குள்ளே இருக்கும் பொருளின் வகை வேறு. தொலைபேசியின் அமைப்புப் பகுதியிலே பழைய ஜேபெக் வடிவைத் தேர்ந்துகொண்டால் இனி எடுக்கும் படங்கள் எங்கும் திறக்கும். 2019ஆம் ஆண்டுக்குப் பின்னர் வந்த ஐபோன் மென்பொருளிலே, உரிய இணைப்பான் இருந்தால், எக்ஸ்-ஃபாட் பென்ட்ரைவை நேரடியாகவே பொருத்திக் கோப்புகளை மாற்றலாம்.

"கம்பியும் வேண்டாம், பென்ட்ரைவும் வேண்டாம், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முடிந்தது" என்பாரும் உண்டு. செய்தி சொல்வதற்கு அது நன்று. காப்பகத்துக்கு அது பொருந்தாது. சாதாரணமாக அனுப்பும் படத்தை அது நெருக்கிச் சிறிதாக்கிவிடும். படம் எடுத்த நாளும் இடமும் பற்றி உள்ளே மறைந்திருக்கும் குறிப்பையும் களைந்துவிடும். அனுப்பியே தீரவேண்டுமாயின் "ஆவணம்" என்ற வகையிலே அனுப்புதல் வேண்டும். அப்போது கோப்பு உள்ளபடியே போய்ச் சேரும்.

தமிழ்ப் பெயர் படும் பாடு

கோப்புகளுக்குத் தமிழிலே பெயர் வைப்பது நமக்குப் பெருமை. அதனைக் கைவிடலாகாது. எனினும் இயந்திரம் தமிழை எவ்வாறு எண்ணுகிறது என்பதை அறிந்து வைத்தல் வேண்டும்.

"மட்டக்களப்பு" என்னும் சொல்லில் நமக்கு எட்டு எழுத்துகள். யூனிகோட் முறையில் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது 12 குறிகள் ஆகிறது. விண்டோஸின் முறைமையும் எக்ஸ்-ஃபாட்டும் ஒரு பெயருக்கு 255 குறிகள் வரை இடங்கொடுக்கும். அண்ட்ரொய்ட் உள்நினைவகத்தின் எக்ஸ்ட்-4 முறைமையோ குறிகளை எண்ணுவதில்லை, பைட்டுகளை எண்ணுகிறது. அங்கே ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். "மட்டக்களப்பு" 36 பைட் ஆகிவிடும். மொத்த இடம் 255 பைட் என்றால், தமிழுக்குக் கிடைப்பது 85 குறிகளே. கோயிலின் பெயர், ஊர், திருவிழா, ஆண்டு, பாடியவர் பெயர் என்று யாவற்றையும் ஒரே பெயரில் அடுக்கினால், கணினியிலே இருக்கும் கோப்பு தொலைபேசிக்குப் போக மறுப்பதன் காரணம் இதுவே.

இன்னுமொரு விந்தை கேளுங்கள். "கொ" என்னும் எழுத்தை யூனிகோடிலே இருவகையாக எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக எழுதுவது ஒரு வகை. கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் இடுவது மற்றொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. 2017ஆம் ஆண்டு வரை மக் கணினிகளில் வழங்கிய பழைய முறைமை பெயர்களை இரண்டாம் வகையாகப் பிரித்தே எழுதிற்று. விண்டோஸ் கணினியில் நாம் தட்டெழுதுவது பெரும்பாலும் முதல் வகை. "கொக்கட்டிச்சோலை" என்ற பெயரில் "கொ", "சோ" என இரண்டு எழுத்துகள் இவ்விதம் மாறக்கூடியவை. ஆகவே ஒரே பெயரோடு இரண்டு கோப்புகள் அருகருகே நிற்பதும், தேடும்போது ஒன்று அகப்படாமல் ஒளிவதும் உண்டு. இதிலே மாயம் ஒன்றுமில்லை. பேரேட்டில் எழுத்துக்கூட்டல் வேறுபட்டிருக்கிறது.

திகதி எழுதும்போது இடும் சாய்கோடு, மணி எழுதும்போது இடும் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, மேற்கோட்குறி, நட்சத்திரக்குறி ஆகியவற்றை விண்டோஸ் பெயரிலே அனுமதிப்பதில்லை. பெயரைச் சுருக்கமாக வைத்து, ஆண்டு, மாதம், நாள் என்பவற்றைச் சிறுகோட்டாலே பிரித்து முன்னே எழுதினால் எல்லாக் கரையும் ஏற்கும். கோப்புகளும் கால வரிசையில் தாமே நிற்கும். நீண்ட விவரங்களை, அதே கோப்புறையிலே ஒரு தனிக் குறிப்பாக எழுதி வைப்பது உத்தமம்.

"போர்மட் செய்யட்டுமா?"

எல்லாவற்றிலும் அபாயமானது இக்கேள்வி. பேரேடு புரியாத கணினி, களஞ்சியம் வெறுமை என்று கருதிப் புதிய பேரேடு எழுத அனுமதி கேட்கிறது. கேள்வி மரியாதையாகத்தான் இருக்கும். உள்ளே நம் குடும்பத்தின் பத்தாண்டுப் படங்கள் இருப்பது அதற்குத் தெரியாது.

இக்கேள்வி எழுந்தால் "இல்லை" என்றே விடை சொல்லுதல் வேண்டும். பிறகு அந்த அட்டையை, அது முன்பிருந்த தொலைபேசியிலோ கமராவிலோ மீண்டும் இட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் அங்கே அது திறக்கும். அங்கிருந்து கம்பி வழியாகக் கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு விதிவிலக்கை இங்கே சொல்லிவிடுவோம். 2015ஆம் ஆண்டில் வந்த அண்ட்ரொய்ட் 6 முதற்கொண்டு, மெமரிக்காட்டைத் தொலைபேசியின் உள்நினைவகமாகவே ஆக்கிக்கொள்ளும் வசதி சில தொலைபேசிகளில் உண்டு. அவ்வாறு செய்தால் அட்டையில் உள்ளவை மறைகுறியாக்கப்படும். திறவுகோல் அந்தத் தொலைபேசிக்குள்ளே மட்டும் இருக்கும். தொலைபேசி வாவித் தண்ணீரிலே வீழ்ந்து மாண்டால், அட்டை பத்திரமாக இருந்தும் பயனற்றதாகிவிடும். ஆகவே, தொலைபேசி கேட்கும்போது "வெளிச் சேமிப்பு" என்பதைத் தேர்ந்து வைப்பதே குடும்பப் படங்களுக்குப் பாதுகாப்பு.

தவறுதலாகப் போர்மட் செய்துவிட்டோர் உடனே நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. விரைவுப் போர்மட் பெரும்பாலும் பேரேட்டை மட்டுமே வெறுமையாக்குகிறது. நெல் அறைகளிலேயே இருக்கிறது. புதிதாக ஒன்றை எழுதும்போதுதான் பழையது அழிகிறது. ஆதலின் அந்த அட்டையில் ஒரு படமும் எடுக்காமல், ஒரு கோப்பும் இடாமல், அப்படியே கழற்றி வைத்து, மீட்புத் தொழில் அறிந்தவரிடம் கொண்டுபோதல் வேண்டும். அட்டையைப் பயன்படுத்தாமல் வைத்திருக்கும்வரை மீட்புக்கு வாய்ப்புண்டு.

படியெடுத்தலே காத்தல்

நம் முன்னோர் கூத்து ஏட்டை எவ்வாறு காத்தனர்? பனையோலை நிலையானதன்று என்பதை அவர்கள் அறிவார்கள். பூச்சி அரிக்கும், ஈரம் உளுக்கச் செய்யும். ஆகவே தலைமுறைக்கு ஒருமுறை புதிய ஓலையில் படியெடுத்தனர். படியெடுத்த பின்னர் மூலத்தோடு ஒப்புநோக்கினர். ஓர் ஊரில் இருந்த ஏடு வேறூருக்கும் போயிற்று. வெள்ளம் ஓர் ஊரை அழித்தாலும் மற்றோர் ஊரில் கதை வாழ்ந்தது.

அதே மூன்று கடமைகள் இன்றும் நமக்குரியன. முதலாவது, படியெடுத்தல். தொலைபேசியில் இருப்பதைக் கணினியிலும், எக்ஸ்-ஃபாட் முறையிலான ஒரு வெளித்தட்டிலும் வைத்தல். இரண்டாவது, ஒப்புநோக்கல். இரு பக்கத்துக் கோப்பின் பைட் அளவும் ஒன்றா என்று பார்த்து, படியைத் திறந்து தொடக்கமும் நடுவும் முடிவும் ஓடுகின்றனவா என்று காணல். மூன்றாவது, வேறிடத்தில் வைத்தல். எழுவான்கரையில் உள்ளோர் ஒரு தட்டைப் படுவான்கரை உறவினர் வீட்டிலே வைக்கலாம். கடல் கடந்து வாழும் பிள்ளைகளிடம் ஒன்றைக் கொடுத்தனுப்பலாம். ஊருக்கும் நாட்டுக்கும் உரிய அரிய ஆவணங்களாயின், 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவிலே திரட்டி வைத்துவரும் நூலகம் போன்ற முயற்சிகளையும் நாடலாம்.

இவற்றோடு ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் பழைய தட்டைத் திறந்து பார்ப்பதும் வேண்டும். முறைமைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. நெகிழ்தட்டு போயிற்று, இறுவட்டும் போய்க்கொண்டிருக்கிறது. இன்று எல்லாரும் வாசிக்கும் பேரேட்டை நாளை ஒருவரும் வாசியாமற் போகலாம். அதற்கு முன்னர் புதிய களஞ்சியத்துக்கு நெல்லை மாற்றிவிடவேண்டும். பாடசாலையிலே தகவல் தொழில்நுட்பம் பயிலும் மாணவ மாணவியர் விடுமுறை நாளொன்றில் தம் வீட்டுத் தொலைபேசிகளைத் திரட்டி இவ்வேலையைச் செய்து கொடுத்தால், பெற்றோருக்கு அதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை.

இந்த வாவிக்கரை மக்களுக்கு இழப்பின் அருமையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளி கூரைகளோடு பெட்டகங்களையும் கொண்டுபோயிற்று. போர்க்கால இடப்பெயர்வுகளில் வீட்டை விட்டு ஓடியவர்கள் கையில் எடுத்தது குழந்தையை. சுவரில் மாட்டிய படத்தையன்று. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி கல்லடியிலும் நாவலடியிலும் திருச்செந்தூரிலும் கடல் புகுந்தபோது, மாண்டவர்களின் முகத்தைப் பார்ப்பதற்கு ஒரு படமும் எஞ்சாத வீடுகள் இருந்தன. அன்று இரண்டாவது படி எடுத்து வைப்பதற்குப் பணமும் வசதியும் வேண்டியிருந்தன. இன்று ஒரு பிற்பகற்பொழுதும் சிறிது கவனமும் போதும்.

அண்ணாவியாரின் குரல் தொலைபேசியில் பதிந்திருக்கிறது என்று நாம் மகிழ்வது நியாயமே. ஆனால் ஒரு கரையில் மட்டும் இருக்கும் பொருளுக்கு ஓர் இரவின் வெள்ளமே போதும். இரு கரையும் ஏற்கும் வடிவில், இரு கரையிலும் அதனை வைத்தோமாயின், பேரனின் பேரனும் ஒருநாள் அந்த மத்தள ஓசையைக் கேட்பான்.